பழைய பேஸ் கிட்டார்களைத் தேடிப் போன இடத்தில் யாரைச் சந்தித்தீர்கள்?

நாலுகம்பி (லாஸ் ஏஞ்சலஸ்)

பழைய எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார்களின் (நாலு கம்பி, தாழ்ந்த சுரம்) வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் வந்த 1951-ல் தொடங்கி எழுபதுகளின் நடுவில் முடியும். சொந்தக் காசில்தான் அச்சு. இப்படியொரு புத்தகத்தை எந்தப் பதிப்பகத்தின் தலையில் கட்டுவது? எழுத எழுத ஒன்று தெரிகிறது: கிட்டாரைவிட அதை வைத்திருப்பவர்கள்தான் சுவாரசியம். உங்களுக்கும் இப்படிச் சந்திப்புகள் இருந்திருக்கும், சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

லாங் பீச்சில் ஓர் அம்மா, எழுபதை நெருங்குகிறவர். அவருடைய அப்பா வாசித்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வீட்டில் இருக்கிறது. "நான் பிறந்த 1957-ல் அப்பா வாங்கியது, குழந்தை பிறந்த வருஷம் வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்" என்றார். பார்வைக்கு 57 மாதிரியேதான் இருந்தது. ஓரம் கறுப்பு, நடுவில் மஞ்சள், அந்தக் கால இரட்டை நிறச் சன்பர்ஸ்ட். ஆனால் விரல் பதியும் பலகை ரோஸ்வுட். ஃபெண்டர் பேஸ்களுக்கு ரோஸ்வுட் வந்தது 1959-ல். அதற்கு முன் கழுத்து முழுக்க மேப்பிள்தான்.

திருப்புளி எடுக்கலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். பிக்கார்டை, அதாவது முகப்பை மூடியிருக்கும் தகட்டைத் தூக்கினால் அடியில் நல்ல சிவப்பு! 1958-லிருந்து கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே சிவப்பு சேர்த்தார்கள். ஆரம்பத்தில் போட்ட அந்தச் சாயம் வெளிச்சம் படப்பட வெளுத்துவிடும். மூடியிருந்த இடத்தில் மட்டும் தப்பியிருக்கிறது. வால்யூம் பாட்டின் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பு) முதுகில் 3046018 என்று குத்தியிருந்தது. 304 என்பது பாட் செய்த ஸ்டாக்போல் கம்பெனி, 60 ஆண்டு, 18 வாரம். கழுத்தின் அடியில் பென்சிலால் 6-60.

அதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவரே கேட்டுவிட்டார். 1960 ஜூனுக்கு முன்னால் இது கிட்டாராகவே இருந்திருக்க முடியாது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சிரித்தார். 1960-ல் பிறந்தது அவருடைய தம்பி. "புத்தகத்தில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள், அவனிடம் மட்டும் சொல்லிவிடாதே."

புத்தகத்தில் 1960 என்றுதான் வரும். பெயரும் ஊரும் வராது. இங்கே எழுதுகிறவர்களும் உரிமையாளர் பெயர், தெரு எதையும் போட வேண்டாம். இவை திருடுபோகிற பொருட்கள்.

மழைக்காலம் (சியாட்டல்)

அண்ணே, 1951-ல் தொடங்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. எங்கள் ஊர்க்காரர் பால் டட்மார்க் முப்பதுகளின் நடுவிலேயே ஆடியோவாக்ஸ் 736 என்ற எலெக்ட்ரிக் பேஸைச் செய்துவிட்டார். திட உடல், ஃப்ரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்), கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பிக்அப், குறுக்காகப் பிடித்து வாசிப்பது, எல்லாமே அதில் இருக்கிறது. இங்கே மியூசியம் ஆஃப் பாப் கல்ச்சரில் அதன் எதிரே நின்றபோது பக்கத்தில் ஒரு பெரியவர், ஆளுயர வயலின் மாதிரி நிற்கும் டபுள் பேஸ் வாசித்தவராம், என்னிடம் சொன்னார்: "இது எனக்கு இருபது வயதில் கிடைத்திருந்தால் முதுகு தப்பியிருக்கும்." பேருந்தில் டபுள் பேஸ் ஏற்ற நடத்துநரோடு சண்டை போட்ட கதைகளை அப்புறம் வெகுநேரம் சொன்னார். புத்தகத்தில் போட வேண்டியது அதுதான் என்பேன்.

நாலுகம்பி

டட்மார்க் முன்னுரையில் வருகிறார். ஆனால் அவரிடமிருந்து வழிவழியாக எதுவும் கிளம்பவில்லையே. அவர் மகன் பட் 1947-ல் செரனேடர் என்று இன்னொன்று கொண்டுவந்தார், அதுவும் பரவவில்லை. லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் அவர் செய்ததை லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் மாங்க் மாண்ட்கோமரி மாதிரி ஆட்கள் மேடைக்கு மேடை தூக்கிக்கொண்டு போனார்கள். கண்டுபிடித்தவரைவிட வாசித்தவரைப் பார்த்துத்தான் நான் ஆண்டு குறிக்கிறேன். அந்தப் பெரியவரின் பேருந்துக் கதையைத் தனி மடலில் அனுப்புங்கள்.

எர்லாங்கன் வாசி

வேலைக்காக ஜெர்மனி வந்தவன். பக்கத்து ஊர் புபென்ராய்த். சைக்கிளில் போகிற தூரம். வயலின் வடிவ ஹோஃப்னர் 500/1 பேஸ் பிறந்த ஊர் என்பது இங்கே வந்து வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

அந்தக் கிட்டாரின் கதை ஓர் அகதிக் கதை. ஹோஃப்னர் கம்பெனி இருந்தது ஷோன்பாக்கில், இன்றைய செக் நாட்டு லுபி. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஜெர்மன் பேசுகிறவர்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். வயலின் செய்கிற குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகப் பவேரியா வந்தன. சில நூறு பேர் மட்டும் இருந்த விவசாயக் கிராமமான புபென்ராய்த் அவர்களுக்கு நிலம் கொடுத்தது. ஷோன்பாக்கில் பலர் வீட்டிலேயே வேலை செய்தவர்கள். ஒருவர் கழுத்து மட்டும் செதுக்குவார், இன்னொருவர் விலாப்பலகை மட்டும் வளைப்பார். அந்தப் பழக்கம் இங்கேயும் தொடர்ந்தது. வால்டர் ஹோஃப்னர் 1955-ல் ஒரு பேஸ் கிட்டாரை யோசித்தபோது அது வயலின் மாதிரி உள்ளே வெற்றிடமாக வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? கைக்குத் தெரிந்ததைக் கை செய்தது. மறு ஆண்டு ஃபிராங்ஃபர்ட் இசைக் கண்காட்சியில் வைத்தார்கள்.

அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பாட்டி ஒருவரிடம் பேச வாய்த்தது. பீட்டில்ஸ் பற்றிக் கேட்டேன், ஆர்வமே காட்டவில்லை. அவர் பேச விரும்பியது பசையைப் பற்றி. எலும்புப் பசை காய்ச்சும் நாற்றம் பள்ளிக்கூடம் வரை வருமாம். எந்தக் குழந்தையின் வீட்டில் வேலை இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று சட்டையை முகர்ந்தே சொல்லிவிடுவார்களாம். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி இந்த வகைப் பேஸை 1961-ல் ஹாம்பர்கில் வாங்கினார் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இடக்கைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் இரண்டு பக்கமும் ஒத்திருப்பதால் கோணலாகத் தெரியாது என்று மெக்கார்ட்னியே சொன்னதும் இருக்கிறது. அந்தப் பாட்டி எதிலும் இல்லை.

சும்மா வந்தேன்

என் வீட்டில் கேட்டது: "நாலு கம்பிக்கு இவ்வளவு பெரிய புத்தகமா?" பதில் தெரிந்தவர்கள் சொல்லவும்.

பாரம் (சிவகாசி)

சார், நான் அச்சுத் தொழிலில் இருப்பவன். கிட்டார் தெரியாது, ஆனால் இப்படி ஒரு படப்புத்தகம் எங்களிடம் வந்தது. போட்டவர் ஐரோப்பாவிலிருந்து தினம் ராத்திரி போன் செய்வார், "சிவப்பு சரியில்லை" என்று. திரையில் தெரிகிற ஆரஞ்சும் சிவப்பும் நாலு மை அச்சில் அப்படியே வராது, மங்கும். நீங்கள் சொல்கிற சன்பர்ஸ்ட் முழுக்க அந்த நிறங்கள்தான். வெளுத்த சிவப்புக்கும் வெளுக்காத சிவப்புக்கும் வித்தியாசம் காட்டுவதே உங்கள் புத்தகம் என்றால், எந்தத் தாளில் அடிக்கப் போகிறீர்களோ அதே தாளில் புரூஃப் (மாதிரி அச்சு) கேளுங்கள். பக்க எண்ணிக்கையைப் பதினாறின் மடங்காக வையுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பாரத்தில் (பதினாறு பக்கம் சேர்த்து அடிக்கும் தாள்) வெற்றுப் பக்கம் நிற்கும். முதுகில் பசை மட்டும் போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் வேண்டாம். கழுத்து நீளமான பொருள், படம் இரண்டு பக்கத்துக்கும் பரவும். தையல் பைண்டிங்தான் விரிந்து படுக்கும். இந்தியாவில் வெளியிட்டால் ஐஎஸ்பிஎன் (புத்தக அடையாள எண்) இலவசம், அரசு நிறுவனமே தருகிறது. அமெரிக்காவில் காசு என்று அந்த ஐரோப்பாக்காரர் புலம்புவார். ஒரு வழியாகப் புத்தகம் முடிந்ததும் நேரில் வந்து மெஷின் ஆப்பரேட்டருக்கு ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆப்பரேட்டர் வாங்கி முதலில் பார்த்தது ரெஜிஸ்டர், அதாவது நாலு மையும் ஒன்றன்மேல் ஒன்று, சரியாக விழுந்திருக்கிறதா என்று.

ஈட்டி (கூடலூர்)

அறுபதுகளின் நடுவில் ஃபெண்டர் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. எங்கள் மலைத்தொடரின் ஈட்டி மரம்தான் அது. வெளிநாட்டு சேகரிப்பாளர் ஒருவர் இங்கே வந்திருந்தார். பிரேசில் என்றால் உயர்வு, இந்தியா என்றால் மட்டம் என்று விலை வைக்கிற ஆள். ஈட்டி மரம் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். அண்ணாந்து பார்த்தார், பட்டையைத் தொட்டார், விலை பற்றிப் பேசவே இல்லை. புத்தகத்தில் சட்டப் பக்கமும் சேருங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992-லிருந்து சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. ஈட்டி உள்ளிட்ட மற்ற பெரும்பாலான வகைகள் 2017-ல் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. இரண்டாம் பட்டியல் மரத்தில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்குக் கொடுத்தார்கள். பழைய பேஸ் விற்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

நாலுகம்பி

பாரம் சார், தையல் பைண்டிங் முடிவாகிவிட்டது. நன்றி. எர்லாங்கன் நண்பரே, பாட்டி சம்மதித்தால் பசை பற்றி அவர் சொன்னதை அப்படியே ஹோஃப்னர் அத்தியாயத்தின் முதல் பத்தியாக வைக்கிறேன்.

தொலைந்தவற்றுக்கு ஒரு தனி அத்தியாயம் எழுதுகிறேன். மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் 1972-ல் லண்டனில் வேனிலிருந்து களவுபோய், 2024-ல் திரும்பக் கிடைத்த செய்தி வந்தது. ஜாஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஃப்ரெட் பிடுங்கிய 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸ் 1986-ல் நியூயார்க்கில் களவுபோய், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தது. மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த 1962 பிரிசிஷன் 1983-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருடுபோனது, இன்னும் கிடைக்கவில்லை. அதுதான் என்று சொல்லிக்கொண்டு எனக்கே கடிதங்கள் வருகின்றன. பாட் எண்ணும் கழுத்துத் தேதியும் படமாக அனுப்புங்கள் என்று பதில் போட்டால், பெரும்பாலும் அதோடு சரி.