மறுமொழி: பிளோ பேட்டரிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

பிளோ பேட்டரி (flow battery) என்பதற்கு இந்த இழையில் இதுவரை வந்த பெயர்கள் திரவ மின்கலம், ஓட்ட மின்கலம், பாய்வு மின்கலம். என் வாக்கு பாய்வு மின்கலத்துக்கு.

‘திரவ மின்கலம்’ என்றால் வேறுபாடு தெரியாது. வீட்டு இன்வெர்ட்டரின் ஈய-அமில பேட்டரியிலும் திரவம்தான் இருக்கிறது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோமே. ஆனால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். வனேடியம் வகைப் பிளோ பேட்டரியிலோ வனேடியம் என்ற உலோகத்தைக் கந்தக அமிலத்தில் கரைத்து வெளியே இரண்டு பெரிய தொட்டிகளில் வைத்திருக்கிறார்கள். பம்புகள் அந்தக் கரைசல்களைக் மின்சாரம் உண்டாகும் கலத்துக்குள், அவற்றைப் பிரிக்கும் சவ்வின் இருபுறமும் செலுத்துகின்றன. முழுக்க மின்னேற்றியதும் ஒரு தொட்டி ஊதா, மற்றது மஞ்சள். மின்சாரத்தை எடுக்க எடுக்க ஊதா பச்சையாகும், மஞ்சள் நீலமாகும். 1980களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலஸ்-கசாகோஸ் குழுவினர் இரு பக்கமும் ஒரே தனிமத்தை வைத்தார்கள். எவ்வளவு அழகான யோசனை! சவ்வைத் தாண்டிக் கொஞ்சம் கலந்துவிட்டாலும் கரைசல் நிரந்தரமாகக் கெடாது.

‘ஓட்ட மின்கலம்’ என்றால் பள்ளி மாணவர் உடனே மின்னோட்டத்தைத்தான் நினைப்பார். அது வேண்டாம்.

பாய்வு என்ற சொல் ஏன் அவசியம் என்பதற்குச் சீனாவின் டாலியன் நகரைப் பாருங்கள். 2022இல் அங்கே மின்கட்டமைப்பில் இணைத்த வனேடியம் நிலையத்தின் திறன் 100 மெகாவாட், சேமிக்கும் ஆற்றல் 400 மெகாவாட்-மணி. முழுத் திறனில் 4 மணி நேரம் வரும். அதையே 8 மணி நேரமாக்க வேண்டுமா? கலங்களைத் தொட வேண்டாம், கரைசலையும் தொட்டிகளையும் இரட்டிப்பாக்கினால் போதும். லித்தியம்-அயனியில் கலங்களையே கூட்ட வேண்டியிருக்கும். பகல் வெயிலில் கிடைத்த மின்சாரத்தை இரவு முழுக்க நீட்ட நினைப்பவர்கள் இந்தத் தொழில்நுட்பத்தைத் தேடி வருவது இதனால்தான். செய்தித்தாள்களில் திறனையும் ஆற்றலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். இந்த மின்கலத்தில் திறன் கலத்திலும் ஆற்றல் தொட்டியிலுமாகப் பிரிந்தே நிற்கிறது. பெயரிலும் அந்தப் பாய்வு தெரியட்டும்.

அப்புறம், பல கலங்களை அடுக்கிச் சேர்த்த ‘ஸ்டாக்’ (stack) என்ற பகுதிக்கு என்ன செய்யலாம்? வெறும் ‘அடுக்கு’ என்றால் சிக்கல். பேட்டரியையே மின்கல அடுக்கு என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. முழு அமைப்பும் பாய்வு மின்கலம், அந்தப் பகுதி மட்டும் கல அடுக்கு என்று வைத்துக்கொள்ளலாமா? மின்பொறியாளர்கள் கருத்துச் சொன்னால் நல்லது.