பெரிய கல்லீரல் கட்டி: படத்தில் எங்கே ஏமாந்தீர்கள்? (ஸ்கேன் படம் படிப்பவர்களின் உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலேயும் இருப்பது பேசுபவரின் புனைபெயர்)

டிலே ஃபேஸ்
வலது மடலை அடைத்த 13 செ.மீ. கட்டி. சிடி ரிப்போர்ட்: 'நடுப்பகுதி நிறையவில்லை, புற்றுநோயை மறுக்க முடியாது.' படத்தை மறுபடி ஓட்டினால், கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய 35வது விநாடியில் ஓரத்தில் மட்டும் திட்டுத் திட்டாக வெள்ளை. ஒவ்வொரு திட்டும் அச்சு அசலாகப் பெருந்தமனியின் வெளிச்சம். 70வது விநாடியில் திட்டுகள் பருத்து உள்ளே நகர்ந்திருக்கின்றன. அத்தோடு ஸ்கேனை நிறுத்திவிட்டார்கள்! 5 நிமிடம் கழித்து ஒன்று எடுத்திருந்தால் ஹெமாஞ்சியோமா (ரத்தக்குழாய்களாலான, புற்றல்லாத கட்டி) என்று அன்றே முடிந்திருக்கும்.

டி2 கட்சி
பாதிதான் சரி. இந்த அளவு ஹெமாஞ்சியோமாவின் நடுவில் ரத்தம் உறைந்து நார் கட்டியிருக்கும். அரை மணி நேரம் காத்திருந்தாலும் அங்கே மருந்து ஏறாது. நடு நிறையாதது குற்றமே இல்லை. ஓரத் திட்டுகள் விட்டுவிட்டு இருக்கின்றனவா என்று பாருங்கள். அறுபடாத வளையம் என்றால் மெட்டாஸ்டாசிஸ் (வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று) பக்கம் யோசிக்க வேண்டும். எம்ஆர்ஐயின் டி2 படத்தில் (நீர் வெளுத்துத் தெரியும் வகை) டிஇயை, அதாவது சிக்னலைப் பிடிக்கும் நேரத்தை, 160 மில்லிசெகண்டுக்கு நீட்டினாலும் கட்டி பளிச்சென்றே நிற்கும்.

20வது நிமிடம்
எம்ஆர்ஐயிலும் குழி உண்டு. காடாக்ஸிடேட் (கல்லீரல் செல்கள் இழுத்துக்கொள்ளும் கான்ட்ராஸ்ட் மருந்து) போட்ட ஒரு கேஸ்: 3வது நிமிடத்தில் கட்டி கறுப்பு, 'வாஷவுட்' (கட்டியிலிருந்து மருந்து வெளியேறுவது, புற்றைச் சந்தேகிக்க வைக்கும் அடையாளம்) என்று எழுதியாயிற்று. கட்டியிலிருந்து மருந்து வெளியேறவில்லை. சுற்றியுள்ள கல்லீரல் செல்கள் மருந்தை இழுத்து வெளுத்துவிட்டன, அவ்வளவுதான். இந்த மருந்தில் வாஷவுட்டைப் போர்ட்டல் ஃபேஸில் (70வது விநாடி வாக்கில்) மட்டுமே படிக்க வேண்டும். டோஸ் கிலோவுக்கு 0.025 மில்லிமோல்தான், வேகமாகத் தள்ளினால் ஆர்ட்டீரியல் ஃபேஸ் (தமனி வழி மருந்து வரும் கட்டம்) கைநழுவும். விநாடிக்கு 1 மில்லி போதும்.

டிலே ஃபேஸ்
நான் சொன்னது சிடி கேஸ். எம்ஆர்ஐ எங்கே வந்தது?

தழும்பு
சண்டை இருக்கட்டும். 8 செ.மீ. கட்டி, நடுவில் தழும்பு, எஃப்என்ஹெச் (ஃபோக்கல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா, புற்றல்லாத கட்டி) என்று ரிப்போர்ட். ஆனால் தழும்பு டி2வில் கறுப்பு, கான்ட்ராஸ்ட் இல்லாத சிடியில் அதற்குள் ஒரு சுண்ணாம்புப் புள்ளி. எஃப்என்ஹெச் தழும்பு பெரும்பாலும் டி2வில் வெளுக்கும், சாதாரண காடோலினியத்தில் தாமதமாக மருந்தேறும், சுண்ணாம்பு அபூர்வம். கறுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஃபைப்ரோலாமெல்லர் கார்சினோமா என்ற கல்லீரல் புற்றை விலக்காமல் விடாதீர்கள். பிளெயின் சிடியைத் தவிர்க்கிறவர்கள் இந்தப் புள்ளியைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், அடினோமாவுக்கு (கல்லீரல் செல்களாலான கட்டி) இன்-ஃபேஸ், அவுட்-ஃபேஸ் (கொழுப்பு, நீர் சிக்னல்கள் சேரும், எதிர்க்கும் இரு எம்ஆர்ஐ படங்கள்) கட்டாயம். 1.5 டெஸ்லாவில் அவுட் 2.3, இன் 4.6 மில்லிசெகண்ட். அவுட் முதலில் வர வேண்டும். பிந்தினால் சிக்னல் விழுந்தது கொழுப்பாலா இரும்பாலா என்று பிரிக்க முடியாது. அவுட்-ஃபேஸில் கட்டி முழுக்கச் சீராகச் சிக்னல் விழுந்தால் ஹெச்என்எஃப்1ஏ மரபணு வகை அடினோமா. காடாக்ஸிடேட்டின் 20வது நிமிடப் படத்தில் வெளுத்தாலே எஃப்என்ஹெச் என்று முடிக்காதீர்கள்: பீட்டா-கேட்டெனின் அடினோமாவும் வெளுக்கலாம், புற்றாக மாறும் அபாயம் அதிகமுள்ளதும் அதுதான். அடினோமா 5 செ.மீ. தாண்டினால் ரத்தக்கசிவு பயம். பெண்களுக்குக் கருத்தடை மாத்திரையை நிறுத்தி 6 மாதம் கழித்து எம்ஆர்ஐ. ஆண்களுக்கு அளவே பார்க்காமல் அறுவை.

டி2 கட்சி
பயாப்ஸி வரை போனால், கட்டி விளிம்பில் துருத்தியிருந்தாலும் நேராகக் குத்தாதீர்கள். நல்ல கல்லீரல் வழியாக ஊசி போனால்தான் கசிவை அது அமுக்கிப் பிடிக்கும்.