மகனின் ஆர்கனாய்டு பரிசோதனை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, ரெயூனியன் சான்-தெனியிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு ஆறு வயது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலிலும் குடலிலும் சளி கெட்டியாகும் பரம்பரை நோய், வியர்வையும் அதிக உப்பாக இருக்கும்). நெற்றியில் முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரிக்கும். இந்தத் தீவில் அதிகம் காணப்படும் ஒய்122எக்ஸ் மரபணு மாற்றம் என் வழியிலும் கணவர் வழியிலும் வந்திருக்கிறது. உப்பையும் நீரையும் சீராக வைக்கும் ஒரு புரதம் உருவாவதை அது பாதியிலேயே நிறுத்திவிடுவதால், அந்தப் புரதத்தைச் சரிசெய்யும் காஃப்ட்ரியோ போன்ற மருந்து தனியாக உதவாது என்கிறார்கள்.

இப்போது மலக்குடலிலிருந்து துளி சதை எடுத்து, அதை ஆர்கனாய்டு எனும் குட்டி உருண்டைகளாக வளர்த்து, அந்தப் புரதத்தைத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளோடு புது மருந்துகளைச் சேர்த்துப் பார்க்கலாமாம், மருந்து வேலை செய்தால் உள்ளே நீர் இறங்கி உருண்டை வீங்கும். நெதர்லாந்தில் வளர்ந்த முறை. உங்கள் பிள்ளைக்கு யாராவது இப்படிச் சதை எடுத்ததுண்டா? வலித்ததா? அப்புறம், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்? வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் சொல்லுங்கள்.