புதுப்பிப்பு: மூடியில்லாத சாக்கடைக் குழி, கிடப்பில் போட்ட மனு
குழியை மூடச் சொல்லி நான் கொடுத்த மனு மாதக்கணக்கில் கிடக்கிறது, அதிகாரியைப் பொறுப்பாக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "இன்னொரு புகார் எழுதாதீங்க, அந்த மனு எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது, அவர் பெயர், பதவி என்னன்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்க" என்ற யோசனைதான். 30 நாளில் பதில் இல்லை, முதல் மேல்முறையீடு செய்தேன், அப்புறம் கோப்பின் நகல் முழுக்க வந்தது, கெடு தாண்டியதால் பிரிவு 7(6)-படி இலவசமாகவே. ஒரே மேசையில் 4 மாதம் கிடந்திருக்கிறது. அதே வாரம் குழியையும் மூடிவிட்டார்கள்.

எதிர்பார்க்காதது: நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 என்ற அபராதத்தைத் தகவல் ஆணையம் மட்டுமே விதிக்க முடியும், அதுவும் தகவல் தரத் தாமதித்ததற்குத்தான், குழியைத் திறந்து போட்டதற்கு இல்லை. சரி, அதையும் விடவில்லை, 90 நாள் கெடுவுக்குள் அந்த ஆணையத்துக்கே இரண்டாவது மேல்முறையீடு அனுப்பிவிட்டேன்.