பதிவு இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை (போஸ்ட்கிரெஸ் 13)

கேள்வி:
வணக்கம். உதிரிபாகக் கிடங்கு ஒன்றின் தரவுத்தளத்தைப் பராமரிக்கிறேன்; அது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஓடுகிறது. சில பொருள்களைக் குறியீட்டைக் கொடுத்துத் தேடினால் ஒன்றுமே வருவதில்லை. அட்டவணை முழுவதையும் எடுத்தால் அதே பதிவு கண்ணெதிரே இருக்கிறது! '1-1' போல நடுவில் கோடு உள்ள குறியீடுகளில்தான் இப்படி. எண் வகைப் பத்திகளில் சிக்கல் இல்லை. வட்டிலும் பழுதில்லை. அண்மையில் சேவையகத்தின் இயங்குதளம் டெபியன் லினக்ஸ் 9இலிருந்து 12க்கு மாறியது. தரவுக் கோப்புகள் அப்படியே நகலெடுக்கப்பட்டன. யாராவது உதவுங்கள்.

பதில்:
அந்த மாற்றம்தான் காரணமாக இருக்கும். எழுத்துகளை வரிசைப்படுத்த போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகத்தையே நம்புகிறது. 2018இல் வெளிவந்த ஜிலிப்சி 2.28 அந்த விதிகளைப் பெருமளவு மாற்றியது. அமெரிக்க ஆங்கில அமைப்பில் முன்பு '11' முதலில் வரும், பிறகு '1-1'. இப்போது நேர்மாறு. உங்கள் இண்டெக்ஸ் (பதிவை விரைவாகத் தேட உதவும், மரம்போல் கிளைத்த வரிசைப் பட்டியல்) பழைய விதியில் கட்டப்பட்டது. புதிய விதியில் தேடினால் தவறான கிளைக்குள் இறங்கிவிடுகிறது. பதிவு பத்திரமாக இருக்கிறது, பதற வேண்டாம்.

உறுதிசெய்ய, அந்த அமர்வில் மட்டும் இண்டெக்ஸைப் பயன்படுத்தும் தேடல் முறைகளை (இண்டெக்ஸ், பிட்மேப்) அணைத்துவிட்டு அதே வினவலை ஓட்டுங்கள். பதிவு வந்துவிட்டால் ஐயமில்லை. மற்ற இண்டெக்ஸ்களை, அவற்றின் பழுதைக் கண்டறியும் அம்செக் நீட்சியால் சோதிக்கலாம்.

கேட்டவர்:
நன்றி ஐயா. அணைத்ததும் பதிவு வந்துவிட்டது. ஆனால் இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் ரீஇண்டெக்ஸ் கட்டளையைக் கொடுத்தால், தனித்த இண்டெக்ஸை (ஒரே குறியீடு இருமுறை வர விடாதது) உருவாக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது.

இன்னொரு பதில்:
நான் அஞ்சியதும் இதுதான். இருக்கும் குறியீட்டை இண்டெக்ஸ் கண்டுபிடிக்காததால், அதே குறியீட்டை மறுபடி உள்ளே விட்டிருக்கிறது. முதலில் எழுதும் வேலைகளை நிறுத்தி, காப்புநகல் எடுங்கள். பிறகு இண்டெக்ஸ் தேடல் அணைந்த நிலையிலேயே, குறியீட்டு வாரியாகத் தொகுத்து இரட்டைப் பதிவுகளைக் கண்டறியுங்கள். எதை நீக்குவது என்பதைக் கணினியிடம் விடாதீர்கள். இரண்டின் மீதும் விற்பனைப் பதிவுகள் சேர்ந்திருக்கலாம். கிடங்கில் இருப்பவரோடு உட்கார்ந்து பார்த்து, அவற்றை ஒன்றின்கீழ்க் கொண்டுவந்த பிறகே மற்றதை நீக்குங்கள். அதன்பின் ரீஇண்டெக்ஸ் ஓடும்.

நகல் சேவையகம் இருந்தால் அதிலும் அதே ஜிலிப்சி இருக்க வேண்டும். பதிப்பு 15 முதல், வரிசை விதி மாறிவிட்ட இந்த முரணைப் போஸ்ட்கிரெஸே எச்சரிக்கும். அப்போது தரவுத்தளத்தில் குறித்துள்ள வரிசை விதியின் பதிப்பெண்ணைப் புதுப்பிக்கும் கட்டளையை முதலில் கொடுத்துவிடாதீர்கள்: எச்சரிக்கை மட்டும் மறையும், பழுதான இண்டெக்ஸ் அப்படியே இருக்கும்.

கேட்டவர்:
எழுதும் வேலைகளை நிறுத்திவிட்டேன், காப்புநகல் ஓடுகிறது. இரட்டைப் பதிவுகளின் பட்டியலோடு நாளை கிடங்குக்குப் போகிறேன்.