பெயர்களை எழுதி வைப்பவர்கள்: பெலாரஸில் கண்டதும் கேட்டதும்

மின்ஸ்கில் மருத்துவம் படித்தவர் எழுதுகிறார்:

ஹாட்டின், இரண்டாம் உலகப் போரில் மக்களோடு எரிக்கப்பட்ட ஊர். அதன் நினைவிடத்துக்கு என்னை அழைத்துப் போனவர், நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளரான பாட்டி. 1943 மார்ச் 22 காலையில் அந்தப் பக்கத்தில் கெரில்லாப் படையினர் ஜெர்மானியர்களின் வாகனங்களைத் தாக்கினார்கள். இறந்த ஜெர்மானியர்களில் ஒருவர் 1936 ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் தங்கம் வென்ற ஹான்ஸ் வோல்கே. அதற்குப் பழியாக ஜெர்மானியத் தரப்பினர் ஊரையே ஒரு கொட்டகைக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். மாண்டவர்கள் 149 பேர். அவர்களில் 75 பேர் குழந்தைகள்.

இன்று அங்கே வீடு இருந்த ஒவ்வோர் இடத்திலும் புகைபோக்கி வடிவில் ஒரு தூண் நிற்கிறது. மொத்தம் 26 தூண்கள். உச்சியில் இருக்கும் மணி 30 விநாடிக்கு ஒருமுறை ஒலிக்கிறது. தூணில் அந்த வீட்டாரின் பெயர்கள் இருக்கின்றன. பாட்டி ஒரு தூணையும் விடாமல், எல்லாப் பெயர்களையும் வாய்விட்டுப் படித்தார். எனக்குக் கால் வலித்தது. அவருக்கு வலித்ததாகத் தெரியவில்லை. மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்டு, பிறகு எழவே இல்லாத 185 ஊர்களின் மண்ணும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அவருடைய தாய் பிறந்த ஊரும் அவற்றில் ஒன்று.

இந்த ஊர்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு மூன்று எழுத்தாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அலேஸ் அடமோவிச், யாங்கா பிரில், உலாட்ஸிமிர் கலேஸ்னிக் ஆகியோர் 1970களின் தொடக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகப் போய், தீயிலிருந்து தப்பியவர்களைப் பேச வைத்தார்கள். எவர் வீட்டில் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்பதைச் சாட்சிகளே சொன்னார்கள். அரசு கட்டிய எந்தத் தூணையும்விட அந்தப் பதிவுகளையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

2020இல் மின்ஸ்கில் இருந்த இன்னொருவர்:

பாட்டி உங்களைக் குராபாட்டிக்கும் அழைத்துப் போனாரா? நகர எல்லையிலுள்ள பைன் காடு அது. 1937 முதல் 1941 வரை ஸ்டாலினின் ரகசியக் காவல்துறை மக்களைச் சுட்டுப் புதைத்த இடம். 1988இல் ஜெனோன் பஸ்னியாக்கும் யாவ்ஹென் ஷ்மிஹாலோவும் எழுதிய பிறகுதான் வெளியுலகம் அறிந்தது. ஹாட்டினைப் போல அங்கே பெயர்ப் பலகைகள் இல்லை. மக்களே மரச் சிலுவைகள் நட்டார்கள். 2019 ஏப்ரலில் அவற்றில் பலவற்றை அரசே இயந்திரங்களைக் கொண்டுவந்து பிடுங்கியது. ஒரு கொடுமையை நினைவுகூர மணி கட்டுகிற அரசு, இன்னொன்றை நினைவுகூர்பவர்களிடம் இப்படி நடந்துகொண்டது.

2020 ஆகஸ்டில் அதிபர் தேர்தல் முடிவை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். முதல் சில நாட்களிலேயே ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காவல்துறை பிடித்தது. இணையமும் முடங்கியிருந்தது. அக்ரெஸ்தினா தடுப்புக்காவல் நிலையத்தின் வாசலில் தாய்மார்கள் இரவு பகலாகக் காத்திருந்தார்கள். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தன்னார்வலர்கள் கையால் பட்டியல் எழுதினார்கள். என் வகுப்புத் தோழியின் அண்ணன் பெயரை அப்படி ஒரு தாளில்தான் கண்டுபிடித்தோம். அதைக் காட்டியபோது அவள் அம்மா அழவில்லை. எழுத்துப் பிழையைத் திருத்தச் சொன்னார்.

இந்த வேலையை ஓர் அமைப்பாக நின்று செய்தது வியாஸ்னா. 1996இல் தொடங்கிய இந்த மனித உரிமை அமைப்பு, அரசியல் கைதிகள் ஒவ்வொருவரின் பெயரையும் பதிவு செய்தது. அதன் நிறுவனர் அலேஸ் பியாலியாட்ஸ்கி 2021 ஜூலையில் கைதானார். 2022இல் அமைதிக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோதும் சிறையில்தான் இருந்தார். ஆஸ்லோவில் மனைவி பெற்றுக்கொண்டார். 2023 மார்ச்சில் பத்தாண்டுத் தண்டனை. அதே ஆண்டு வியாஸ்னாவைத் தீவிரவாத அமைப்பு என்று அறிவித்தார்கள். அதன் பிறகு அந்தப் பட்டியலுக்குத் தகவல் கொடுப்பவரையும் சிறைக்கு அனுப்ப முடியும்.

முதலில் எழுதியவர்:

குராபாட்டிக்கு அவர் என்னை அழைத்துப் போகவில்லை. நானே கேட்டபோது, "அதை ஃபோனில் பேசாதே" என்று மட்டும் சொன்னார். ஹாட்டினில் அத்தனை பெயர்களை உரக்கப் படித்த அதே பாட்டிதான்.