கந்தப்பளைத் தோட்டத்துப் பலகையில் இரண்டு பெயர்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

இலங்கையில் நுவரெலியா பக்கம் கந்தப்பளையில் எங்கள் தாத்தாவின் மரக்கறித் தோட்டம் இப்போது கூடாரம் போட்டுத் தங்கும் கேம்ப் சைட் ஆகிவிட்டது. போன மாதம் ஊருக்குப் போனபோது இரண்டு இரவு அங்கேயே படுத்தேன். வாசலில் பலகை வைக்கப் போகிறோம், அதில் எழுத நாலு வரி தாருங்கள் என்று சித்தப்பா மகன் கேட்டான். அந்த நாலு வரிக்காகத்தான் இந்த மடல்.

தாத்தா தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி. இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான நம் சனத்தை நாடற்றவர்கள் ஆக்கியது. இந்திய வம்சாவளியினர் பிரஜாவுரிமை கேட்க வழிவிட்ட 1949 சட்டத்தின் கீழ் மனுப் போட்டு, கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பிரஜாவுரிமை வாங்கிய கொஞ்சப் பேரில் அவரும் ஒருவர். அந்தக் காகிதம் இருந்ததால்தான் ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலத்தைத் தன் பேரில் எழுதி வாங்கினார். இராகலைக்கு ஓடிய சின்ன ரயில் 1940களில் நின்றுபோயிருந்தது. அதன் பழைய தண்டவாளத் துண்டுகள்தான் மாட்டுப்பட்டிக்குத் தூண். இன்றைக்கும் அசையாமல் நிற்கின்றன.

அவருடைய தம்பியின் மனு தள்ளுபடியானது. நம் சனத்தில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி, தமிழ்நாட்டு நீலகிரியில் உள்ள கோத்தகிரிக்குப் போனார். இந்த மடல் கோத்தகிரிக்கும் வருகிறது, அதனால் சொல்கிறேன்: மேட்டின் உச்சியில், சரிவைப் படிபடியாகச் சமப்படுத்தக் கல் அடுக்கிய மூன்று கல்லடுக்குகளும் சின்னத் தாத்தா கட்டியவை. போவதென்று முடிவான பிறகும் விடவில்லையாம். கப்பலுக்கு முந்தின வாரம்வரை கல் சுமந்தார் என்று அப்பாயி சொல்லும்போதெல்லாம் அழுவார்.

அப்புறம் ஐம்பது வருடம் லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்), உருளைக்கிழங்கு என்று அந்த மண் எங்களைப் படிக்க வைத்தது. 2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. நவம்பரில் நீக்கினார்கள், ஆனால் அந்தப் போகம் போனது போனதுதான். அடுத்த வருடம் உர மூட்டை விலை கைக்கு எட்டவில்லை. கடனை அடைக்க நிலத்தை விற்பதா என்ற நிலையில்தான் சித்தப்பா மகன் கூடாரம் போட்டான். கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. நேரில் பார்த்த பிறகு இல்லை. ஒரு கல்லைக்கூட அவன் பெயர்க்கவில்லை. கூடாரங்கள் எல்லாம் அந்தக் கல்லடுக்குகளின் மேல்தான் நிற்கின்றன, மாட்டுப்பட்டி சமையல்கட்டு ஆகியிருக்கிறது, பீலித் (குழாய் வழி வரும் ஊற்று) தண்ணீர் அதே இடத்தில் விழுகிறது. கீழ்ப்பாத்திகளில் லீக்ஸும் இருக்கிறது. கிழங்குச் செடியைக் கருக்கும் என்று தாத்தா பயந்த தை மாதத்து உறைபனியைப் பார்க்கவே கொழும்பிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள்.

பலகையில் தாத்தா பெயரோடு சின்னத் தாத்தா பெயரும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன், அவனும் சரி என்றான். தாத்தாவின் படம் எங்களிடம் இருக்கிறது. சின்னத் தாத்தாவின் படம் ஒன்றுகூட இல்லை. கோத்தகிரி அக்கா, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படமாவது உங்கள் பெட்டியில் இருக்கும். தேடிப் பார்த்து அனுப்புங்கள்.